கூடம் கோணல்தான்

பலர் ஒரே நேரத்தில் எதிரெதிராக அமர்ந்து ஆடும் உத்தி விளையாட்டுகளில், அதாவது வளங்களைத் திரட்டி, கட்டடங்களை எழுப்பி, படை சேர்த்து, எதிரியின் நிலத்தைப் பறிப்பதே குறிக்கோளாக அமைந்த கணினி ஆட்டங்களிலும் கைப்பேசி ஆட்டங்களிலும், தோற்றவர் சொல்லும் குறைகளுள் மிகுந்த ஏளனத்துக்கு ஆளாவது ‘மேப் சரியில்லை’ என்பதாகும். மேப் என்று ஆட்டக்காரர் வழங்கும் வரைபடம், ஆட்டம் நிகழும் நிலமே. அதில் யார் எங்கே தொடங்குகிறார், தங்கமும் கல்லும் மரமும் எவருக்கு எத்தனை அடியில் கிடைக்கின்றன, மேடும் ஆறும் கணவாயும் எவருக்கு அரணாகின்றன என்பவை ஆட்டம் தொடங்குமுன்பே தீர்ந்துவிடுகின்றன. இத்தீர்ப்பு ஒருதலையானது என்று எவரேனும் வாய்திறந்தால், திறமை உள்ளவனுக்கு எந்த மேப்பும் ஒன்றுதான் என்ற விடையும், அதன் பின்னாலேயே ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழியும் வந்து விழுகின்றன. உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்த் திண்ணையிலும் சரி, பெருநகர்ப் போட்டி அரங்கிலும் சரி, இந்த விடைக்குக் கிடைக்கும் தலையசைப்பு ஒன்றே. அந்த விடை தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழமொழியின் வலிமை அதன் நகைச்சுவையில் இருக்கிறதே தவிர அதன் நியாயத்தில் இல்லை. ஆடியவளுக்கு ஆடத் தெரியாது என்பதைப் பழமொழி முதற்சொல்லிலேயே முடிவுசெய்துவிடுகிறது. கூடத்தை யாரும் நூல்பிடித்துப் பார்க்கவில்லை. ஆடத் தெரியாமையும் கூடத்தின் கோணலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஆடத் தெரியாதவளின் கூடமும் கோணலாக இருக்கலாம், ஆடத் தெரிந்தவள் கோணல் கூடத்தில் சறுக்கியும் விழலாம். குறை சொன்னவரின் தகுதியைக் காட்டிக் குறையை ஆராயாமல் விடுவது, எந்த மன்றத்திலும் விசாரணை எனப்படாது.

நிலத்தின் வேறுபாடு உழைப்பின் பயனை மாற்றும் என்பது காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிப் பாசனத்தை அறிந்தவருக்குப் புதிய செய்தியன்று. ஏரியின் மதகை ஒட்டிய வயல் தலைமடை எனப்படும். வாய்க்காலின் கோடியில் உள்ளது கடைமடை. தண்ணீர் குறைந்த ஆண்டில் தலைமடைக்காரரின் பயிர் பொதி கட்டும்போது கடைமடைக்காரரின் பயிர் காய்ந்து நிற்கும். அவரிடம் போய், உழவு தெரிந்தவனுக்கு எந்த மடையும் ஒன்றுதான் என்று எவரும் சொல்லத் துணிவதில்லை. மாறாக, முறை வைத்துத் தண்ணீர் விடவும், அம்முறையைக் காக்க நீர்க்கட்டி என்னும் பணியாளரை அமர்த்தவும் ஊர் கற்றிருந்தது. வயலில் ஒப்புக்கொள்ளும் உண்மையைத் திரையில் மட்டும் மறுப்பது விந்தையானது. 1999இல் வெளிவந்து இன்றளவும் ஆடப்படும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆட்டத்தின் ‘அரேபியா’ என்ற வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் கணினி புதிதாக வரைந்து தரும் அந்நிலத்தில், இரு தரப்புக்கும் தங்கம், கல், ஆடு, பழச்செடி ஆகியவை அளவில் ஏறக்குறைய ஒத்திருக்கும்; இடத்தில் ஒத்திருப்பதில்லை. ஒருவரின் தங்கம் அவரது ஊருக்குப் பின்னால் காட்டின் மறைவில் அமைய, மற்றவரின் தங்கம் எதிரியை நோக்கிய மேட்டடிவாரத்தில் அமையக்கூடும். முன்னவர் சில கஜம் வேலி போட்டு நிம்மதியாகத் தோண்டுவார். பின்னவர் ஒவ்வொரு கூடைத் தங்கத்துக்கும் காவல் வைக்க வேண்டும். அவர் தலைமடையில் இல்லை என்பதைச் சொல்ல நீண்ட ஆராய்ச்சி வேண்டியதில்லை.

திறமையே வெல்லும் என்ற வாதத்தில் ஒரு பாதி உண்மை ஒளிந்திருப்பதால் அதைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சதுரங்கத்தில் ஆட்டக்காரரின் வலிமையை எண்ணால் குறிக்க, ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ வகுத்த மதிப்பீட்டு முறை பயன்படுகிறது. இருவரின் எண்களுக்கு இடையிலான வேறுபாட்டிலிருந்து, நூறு ஆட்டங்களில் ஒருவர் எத்தனை புள்ளி பெறுவார் என்பதை அது கணிக்கும். வெள்ளைக் காய்க்காரர் முதலில் நகர்த்துவதால் அவருக்குக் கிடைக்கும் அனுகூலம், ஏறக்குறைய 35 ஈலோ புள்ளிகளுக்குச் சமமானது என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பு. சம வலிமை உடைய இருவர் ஆடினால் அந்த 35 புள்ளி, 50க்கு 50 ஆக இருக்க வேண்டியதை 55க்கு 45 ஆக்கிவிடுகிறது. இதே அளவு கோணல் கொண்ட ஒரு வரைபடத்தில், எதிரியைவிட 200 புள்ளி மேம்பட்ட ஒருவரை அமர்த்தினால் என்ன ஆகும்? நல்ல பக்கத்தில் அவர் நூற்றுக்கு 79 அல்லது 80 வெல்வார். கெட்ட பக்கத்தில் 72 வெல்வார். இரண்டு பக்கத்திலும் வெற்றி அவருடையதே என்பதால், கோணல் என்று ஒன்று இருந்ததாகவே அவர் உணர்வதில்லை. கோணல் அங்கே இல்லாமல் போகவில்லை. அவரது திறமையின் கனத்துக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. எந்த மேப்பும் ஒன்றுதான் என்ற தீர்ப்பைப் பெரும்பாலும் வழங்குவோர், தம்மினும் எளியவரோடு ஆடிப் பழகியவர்களே என்பதன் காரணம் இதுதான். ஒத்த திறமை உடையோர் மோதும்போது மட்டுமே நிலத்தின் கை வெளியே தெரியும். போட்டி என்பதோ ஒத்தவரை மோதவிடுவதற்காகவே உள்ள ஏற்பாடு. ஆகவே ஆட்டம் எவ்வளவு உயர்ந்ததாகிறதோ அவ்வளவு வரைபடத்தின் சொல் வலுக்கிறது. திறமைசாலிக்குக் களம் ஒரு பொருட்டில்லை என்ற வழக்குமொழி உண்மை நிலையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு சமாதானம், கணக்குப் போர்வை போர்த்தியது என்பதால் மேலும் ஏமாற்றக்கூடியது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் ஆட்டங்களில் ஏறக்குறைய பாதியை வெல்கிறார், ஆகவே ஆட்டம் நியாயமானது என்பர். இணைய ஆட்டங்களில் எதிரியைத் தேர்ந்து தருவது ஒரு பொருத்தும் நிரல். தோற்பவருக்கு எளிய எதிரியையும் வெல்பவருக்கு வலிய எதிரியையும் அது தேடித் தருகிறது. எவ்வளவு அநியாயம் உள்ள ஆட்டத்திலும், அநியாயத்துக்கு ஆளானவர் சில படிகள் கீழே இறக்கப்பட்டு, அங்கே தமக்கு ஒத்தவரைச் சந்தித்துப் பாதியை வென்றுவிடுவார். அவர் இழந்தது வெற்றி விழுக்காட்டில் தெரியாது, ரேங்க்கில்தான் தெரியும். பாதி வெற்றி என்பது நியாயத்தின் சான்று அன்று, பொருத்தும் நிரல் வேலை செய்கிறது என்பதன் சான்று. கோணலை அளக்க வேண்டுமானால், ஒரே வரைபடத்தில் ஒத்த ரேங்க் உடையோர் ஆடிய ஆட்டங்களைத் தொகுத்து, எந்தத் தொடக்க இடம் எத்தனை முறை வென்றது என்று எண்ண வேண்டும்.

ஆயினும் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இவை எதிலும் இல்லை. அது தமிழர்களின் திண்ணையிலேயே இருக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் இரு தரப்பும் எதிலும் ஒத்திருப்பதில்லை. முக்கோண வடிவில் கோடுகள் குறுக்கிடும் 23 புள்ளிகள் கொண்ட கட்டத்தில், ஒருவரிடம் 3 புலிகள், மற்றவரிடம் 15 ஆடுகள். புலி, அடுத்த புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அதற்கு அப்பாலுள்ள வெற்றுப் புள்ளியில் குதித்தால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது, புலிகள் நகர வழியின்றி அடைத்துவிடுவதே அதன் வெற்றி. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகர முடியாது, ஆனால் புலியோ தொடக்கத்திலேயே வேட்டையாடலாம். தமிழகத்துக் கோயில் மண்டபத் தரைக்கற்களிலும் பாறைகளிலும் இக்கட்டம் கீறப்பட்டிருப்பதைக் காண்பவர், இத்தனை ஏற்றத்தாழ்வு உள்ள ஆட்டத்தை நம் முன்னோர் சலிக்காமல் ஆடியிருக்க, இன்றைய ஆட்டக்காரர் மேப்பைப் பார்த்து முகம் சுளிப்பானேன் என்று கேட்பது இயல்பே.

கேள்வி நல்லதுதான், ஆனால் அது சமச்சீரையும் சமநிலையையும் ஒன்றாகக் குழப்புகிறது. இரு பக்கமும் உருவத்தில் ஒத்திருப்பது சமச்சீர். இரு பக்கத்துக்கும் வெல்லும் வாய்ப்பு ஒத்திருப்பது சமநிலை. ஆடுபுலிக்கு இனமான நேபாளத்து பாக் சால் ஆட்டம், 25 புள்ளிக் கட்டத்தில் 4 புலிகளும் 20 ஆடுகளுமாக ஆடப்படுவது; அதைக் கணினியின் துணையோடு ஆராய்ந்தவர்கள், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இன்றி முடியும் என்று நிறுவியிருக்கிறார்கள். உருவத்தில் இவ்வளவு வேறுபட்ட இரு படைகள், விளைவில் துல்லியமாக ஈடாகி நிற்கின்றன. அந்த ஈடு தானாக வந்ததாகக் கருத இடமில்லை. புலி எத்தனை, ஆடு எத்தனை, கட்டத்தில் எத்தனை கோடு என்பவற்றை ஆடி ஆடிப் பார்த்துத்தான் யாரோ பெயரறியாத பலர் முடிவு செய்திருக்க வேண்டும். ஊருக்கு ஊர் ஆட்டின் எண்ணிக்கையும் வெட்ட வேண்டிய கணக்கும் மாறுபடுவது அந்தத் தேடலின் தடயமாகவே தோன்றுகிறது. ஆகவே ஆடுபுலி ஆட்டம் கோணல் வரைபடத்துக்குப் பரிந்து பேசும் சாட்சி அன்று. வேறுபாடு வேண்டும், அந்த வேறுபாட்டை நிறுத்துப் பார்த்து ஈடுசெய்யவும் வேண்டும் என்பதே அதன் சாட்சியம்.

மறுபக்கம், உருவத்தில் ஒத்திருப்பதாலேயே சமநிலை வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடியில் கண்டதுபோல் இருபுறமும் ஒரே மாதிரி வரைந்துவிட்டோம், இனிக் குறை சொல்லாதீர்கள் என்று வரைபடம் அமைப்போர் கைகழுவுவது வழக்கமாகிவிட்டது. சதுரங்கப் பலகை முற்றிலும் ஒத்தது. முதல் நகர்வு ஒத்ததன்று. கோ என்னும் சீன, ஜப்பானியக் கல்லாட்டத்தில் கறுப்பு முந்தி வைப்பதற்கு ஈடாக வெள்ளைக்கு வழங்கும் புள்ளி கோமி எனப்படும். ஜப்பானில் நெடுங்காலம் இல்லாதிருந்த அது, பின்பு 4.5 ஆகி, 5.5 ஆகி, ஆட்டக் கணக்குகளைப் பார்த்து 2002இல் 6.5 ஆக உயர்த்தப்பட்டது. கொரியாவில் பெரும் தொலைக்காட்சிப் போட்டியாகவே வளர்ந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ ஆட்டத்தில் பாசறைக் கட்டடத்திலிருந்து வீரன் எப்போதும் அதன் கீழ் இடப்புறமாகவே வெளிவருவதால், வரைபடம் நூல் பிசகாமல் ஒத்திருந்தாலும், மேற்கோடியில் தொடங்குபவரும் கீழ்க்கோடியில் தொடங்குபவரும் ஒரே ஆட்டத்தை ஆடுவதில்லை. அப்போட்டிகளை நடத்தியோர் ஒவ்வொரு வரைபடத்திலும், ஆடுபவர் தேர்ந்துகொள்ளும் படை இனங்களுள் எது எதை எத்தனை முறை வென்றது என்று கணக்கு வைத்ததும், பருவத்துக்குப் பருவம் வரைபடங்களை மாற்றியதும், தோற்றவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக அல்ல. கோணல் கூடத்தில் நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க எவரும் வரமாட்டார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

போரில் நியாயம் ஏது, உத்தி விளையாட்டு போரின் சாயல் அல்லவா என்ற கேள்வியைக் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரை வைத்தே ஆராயலாம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தில் அங்கே ஒரு போர் நடந்ததைப் பல்லவர் செப்பேடு வெற்றியாகக் குறிக்க, சாளுக்கியரின் ஐகோளே கல்வெட்டோ பல்லவர் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கியதாகச் சொல்கிறது. தோற்றதாக எழுதிவைக்க இரு தரப்பிலும் ஆளில்லை. அதே நிலத்தில் 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை ஹைதர் அலியின் படை சூழ்ந்து அழித்தது. முதன்மைப் படையோடு காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ வந்து சேருமுன், ஹைதரின் படை பீரங்கிகளைப் பார்த்துப் பார்த்து நிறுத்தி வழிமறித்ததும், பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் அன்றைய முடிவைத் தீர்த்தன. புள்ளலூரின் நிலம் பெய்லிக்கு அநியாயமானதுதான். ஆனால் அந்த அநியாயத்தை உண்டாக்கியது எதிரியின் திறமை. எங்கே மோதுவது, எப்போது மோதுவது, மோதாமல் விலகுவதா என்பவை போரில் தளபதியின் கையில் உள்ளன. திருக்குறள் வலியறிதல், காலமறிதல் ஆகியவற்றின் தொடர்ச்சியாக இடனறிதலுக்கு ஒரு தனி அதிகாரத்தையே ஒதுக்குவது, இடத்தைத் தேர்வது அறிவின் பகுதி என்பதால்தான். திரையில் ஆடுபவர் இடத்தைத் தேர்வதில்லை. நிரல் அவரைக் கொண்டுபோய் ஒரு மூலையில் இறக்கிவிடுகிறது. விலகிப் போகவும், கூட்டாளியைத் தேடவும், அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போடவும் அவருக்கு வழியில்லை. போரின் உவமையைக் கொண்டுவருவோர், போரில் திறமையாக இருந்த ஒன்றைத் திரையில் குருட்டு நேர்வாக மாற்றிவிட்டு, அதற்கும் திறமை என்றே பெயர் சூட்டுகிறார்கள்.

இன்றைக்கு உமக்குக் கெட்ட பக்கம் வந்தால் நாளைக்கு நல்ல பக்கம் வரும், சீட்டுக் குலுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் உண்டு. ஒரே சுற்றில் தோற்றவர் வெளியேறும் போட்டியில் நாளை என்று ஒன்று கிடையாது என்பது ஒருபுறமிருக்க, குலுக்கல் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்பதை அறிய உத்திரமேரூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகள் விவரிக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது வட்டாரப் பிரிவுகளிலும், தகுதி உடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரியைக் காக்கும் ஏரி வாரியத்துக்கும் ஆள் அவ்வாறே அமைந்தது. குடவோலையைப் புகழ்வோர் குடத்தோடு நின்றுவிடுகிறார்கள். அச்சபை குடத்தை மட்டும் நம்பவில்லை. முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரை விலக்கியது. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கியது. முப்பது பிரிவுக்கும் தனித்தனிக் கட்டாக ஓலை இட்டது. குலுக்குவதற்கு முன் களத்தை நிரவ வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் நிரவாமல் விட்டதையும் மறைப்பதற்கில்லை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும் என்ற விதிகளால், நிலமற்றவரும் பெண்களும் அந்தணரல்லாதாரும் குடத்தின் பக்கமே வர முடியவில்லை. சிறுவனின் கை எவ்வளவு களங்கமற்றதாக இருந்தும் அவர்களுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. குலுக்கல் கோணலை எல்லோருக்கும் பங்கிட்டுத் தரும், கோணலை நிமிர்த்தாது.

இவ்வளவு சொன்னபின், முறையிடுவோர் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஐந்து ஆட்டம் தோற்றுவிட்டு மேப்பைத் திட்டுபவரிடம் சான்று என்று ஒன்றுமில்லை. முற்றிலும் நியாயமான வரைபடத்திலும் நூறு ஆட்டங்களில் ஒரு பக்கம் 55 வெல்வது வெறும் தற்செயலாக எளிதில் நேரும். அந்த 55 விழுக்காட்டைக் கோணல் என்று ஓரளவு துணிந்து கூற ஏறக்குறைய 400 ஆட்டங்களின் கணக்காவது வேண்டும். தனி ஒருவரால் அந்தக் கணக்கைச் சேர்க்க முடியாது. ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் கையிலோ அது லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. சான்றைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டவர், சான்று எங்கே என்று எதிரியைக் கேட்பது வழக்காட்டில் நல்ல தந்திரமாக இருக்கலாம். அதைத் திறமையின் தத்துவமாக உயர்த்த வேண்டியதில்லை.

கேட்கப்படுவது பெரிய காரியமும் அன்று. ஒவ்வொரு வரைபடத்திலும் ஒவ்வொரு தொடக்க இடத்தின் வெற்றிக் கணக்கை ரேங்க் வாரியாக வெளியிட வேண்டும். ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ செய்வதுபோல், ஒவ்வாத சில வரைபடங்களைத் தள்ளிவைக்கும் உரிமையை ஆடுபவருக்குத் தர வேண்டும். ஈடுசெய்ய முடியாத இடத்தில், டென்மார்க்கின் பீட் ஹைன் 1942இல் அமைத்த ஹெக்ஸ் என்னும் கட்ட ஆட்டத்தில் பின்பு வழங்கிய மாற்றுரிமையைப் பின்பற்றலாம்: ஒருவர் முதல் காயை வைத்ததும், அந்தப் பக்கத்தைத் தாமே எடுத்துக்கொள்வதா, விடுவதா என்று மற்றவர் தீர்மானிப்பார். ஒருவர் பங்கு வகுக்க மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ளும் பாகப்பிரிவினை நியாயத்தை அறிந்த எவருக்கும் இது விளங்கும். கபடியில் பாதி நேரத்துக்குப் பின்பும், கைப்பந்தின் ஐந்தாம் செட்டில் ஒரு தரப்பு 8 புள்ளியை எட்டியதும் பக்கம் மாறுவதை, ஆடத் தெரியாதவரின் சாக்கு என்று இதுவரை எவரும் எள்ளியதில்லை.

வகுத்த வரைபடத்தை மாற்றினால் பழகியவர் பாடுபட்டுக் கற்றது வீணாகும், ஆகவே ஆடுபவர்தாம் பழகிக்கொள்ள வேண்டும் என்பது எதிர்த்தரப்புக்கு எஞ்சிய கடைசி வாதம். உத்திரமேரூர்ச் சபை 919இல் வகுத்த விதிப்படி வாரியத்துக்கு வருவோரின் வயது 30க்கு மேல் 60க்குள் இருக்க வேண்டும். இரண்டே ஆண்டில், 921இல், அதே சபை மீண்டும் கூடி அதை 35க்கு மேல் 70க்குள் என்று திருத்தியது. பழைய விதியும் திருத்திய விதியும் அதே கோயிலின் கல்லில் இன்றும் இருக்கின்றன.